சுத்திகரித்த நீரில் என் தலைவலித் தைலம்

கழிவுநீரில் கரைந்திருக்கும் கரிமச் சேர்மங்களை அளந்து சொல்வதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. அத்தனை அனுபவத்தையும் திரட்டி நான் போன மாதம் கண்டுபிடித்தது, என் நெற்றியில் நானே தடவிக்கொண்ட தைலத்தை.

மலையாளம் பேசும் கழக்கூட்டத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை வள்ளியூர்க்காரப் பெண்மணி ஒருவர் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறார். சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கு விடலாமா என்று குடியிருப்போர் சங்கம் எங்கள் ஆய்வகத்தைக் கேட்டிருந்தது. அறிக்கை சரியில்லையென்றால் நிலையம் வேறு கம்பெனிக்குப் போகும். அந்தக் கம்பெனி தன் ஆளோடு வரும். தன் வேலை போய்விடும் என்பதை அவரே என்னிடம் சொன்னார், மழை வரும்போலிருக்கிறது என்கிற தொனியில்.

மாதிரி எடுக்கப் போன காலையில் நெடுஞ்சாலை நெரிசலில் பஸ்ஸில் நின்றே வந்ததில் எனக்குத் தலை தெறித்தது. அவருடைய மோட்டார் அறையில் உட்கார்ந்து, சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் தைலத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டேன். பிறகு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காற்றுக்குமிழி நிற்காமல் விளிம்புவரை நிரப்பினேன். வழிந்ததை, சுத்தபத்தமாக வளர்க்கப்பட்டவனாகையால், கட்டைவிரலால் துடைத்துவிட்டேன். கூடவே வெறும் சுத்த நீரையும் அதே இடத்தில் இன்னொரு குப்பியில் நிரப்பி எடுத்துவர வேண்டும். குறை தண்ணீரிலா, எடுத்தவன் கையிலா என்று அது காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைப் பற்றி அரைநாள் வகுப்பெடுக்கிறேன். அன்றைக்கு எடுத்து வரவில்லை.

மறுநாள் கருவி வரைந்த கோட்டில் மூன்று சிகரங்கள் எழும்பி நின்றன: கற்பூரம், மென்தால், மெத்தில் சாலிசிலேட். எனக்குப் பரவசம். குடியிருப்பில் இருக்கும் பெரியவர்கள் மூட்டுக்குத் தடவுவது குளியல் நீரில் இறங்குகிறது, நிலையம் அதை நீக்கத் தவறுகிறது என்று ஒரு கோட்பாடே கட்டிவிட்டேன். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புகூட ரெடி. அறிக்கையில் கையெழுத்துப் போடுமுன், துக்கம் சொல்கிற குரலில் அவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

மறுமுனையில் மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"கற்பூரம்னா தைலத்துல கிடக்குமே, அதா சார்?"

"அதேதான்."

"நேத்து நீங்க தேச்சீங்கல்லா. ரூம் இப்பவும் மணக்கு. பொறவு கை கழுவுனீங்களா?"

நான் கட்டைவிரலை மோந்து பார்த்தேன்.

அறிக்கையை நிறுத்திவிட்டு மறுபடி போனேன். தைல டப்பாவை வாட்ச்மேனிடம் ஒப்படைக்கச் சொன்னார். நான் கொண்டுபோன கையுறையைத் தானே மாட்டிக்கொண்டார். "சார் அந்தப் பக்கமா நில்லுங்க. காத்து இங்கோட்டு அடிக்குல்லா." தண்ணீர்க் குப்பி, சுத்த நீர்க் குப்பி இரண்டையும் அவரே நிரப்பினார். ஒரு குமிழி இல்லை. விளிம்பில் விரல் படவில்லை. என் அரைநாள் வகுப்பு அவருக்கு அரை நிமிஷம்.

இந்த முறை இரண்டிலும் கோடு வயல்வெளி மாதிரி படுத்துக் கிடந்தது. மற்ற அளவுகளும் வரம்புக்குள்தான். நிலையம் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது, ஓடாதது நான். சங்கம் ஒப்புக்கொண்டது. தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டதும் அவர்தான், அந்த வேலையில் இருந்தபடியே.

அதற்கு முன், முடிவு நல்லபடி வந்ததைச் சொல்லக் கூப்பிட்டபோது, இனி ஒவ்வொரு முறையும் நானே நேரில் வந்து மாதிரி எடுப்பதாகப் பெருந்தன்மையோடு அறிவித்தேன்.

"சார் எதுக்கு மெனக்கெடணும்," என்றார், மலையாளம் கலந்து. "குப்பிய மட்டும் கொடுத்தனுப்புனா மதி, கேட்டோ."