வண்டி கீது, ஆளு இல்ல

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்து மாலை. உத்திரமேரூரில் எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பார். தகரக் கூரை, ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றை மன்னிக்க வைக்கிற ஈரல் வறுவல். வாரம் ஒருநாள் போவேன். வீட்டில் அதற்கு ‘நூலகம்’ என்று பெயர். போனை அணைத்துவிடுவேன், நூலகத்தில் அதுதானே முறை.

மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் அவகாசம் இருந்தது. அந்தத் தைரியத்தில் முட்டை தோசையும் வறுவலும் வாங்கி வைத்துக்கொண்டு, டம்ளரைக் கையில் எடுத்தேன். வாசலில் மாப்பிள்ளை.

எங்கள் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாமனாரும் குடிக்கலாம், மாப்பிள்ளையும் குடிக்கலாம், அது இருவருக்கும் தெரிந்தும் இருக்கலாம். ஒருவரை ஒருவர் அங்கே பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். தட்டும் டம்ளருமாகச் சமையல் தடுப்புக்குப் பின்னால் பாய்ந்தேன்.

தோசை ஊற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா நைனா, அடுப்பாண்ட வந்து குந்திக்கினே?”

“யார் கேட்டாலும் நான் இல்லன்னு சொல்லு.”

அவர் சொன்னதைச் செய்கிற மனிதர்.

“அண்ணே, எங்க மாமா வந்தாரா?” மாப்பிள்ளையின் குரல்.

“இல்லியே.”

“வாசல்ல அவர் வண்டி கீதே?”

“வண்டி கீது. ஆளு இல்ல.”

செருப்புச் சத்தம் வாசல் வரை போய்த் திரும்பி வந்தது. பிறகு மாப்பிள்ளை, “சரிண்ணே. வந்தார்னா ஒடனே வூட்டுக்கு வரச் சொல்லுங்க” என்றார்.

குடிக்க வந்தவர், என் வண்டியைப் பார்த்துவிட்டுச் சாக்கு சொல்கிறார் என்றே நினைத்தேன். பாவம், நல்ல பையன், அவர் மானத்தையும் காப்பாற்றினோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. தடுப்பின் ஓட்டை வழியே பார்த்தேன். என் வண்டியின் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். போன் வந்ததும் ஓடினார். நான் இன்னொரு தோசை சொன்னேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனால் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டம்மா சொன்னார்: “வலி எடுத்துக்கிச்சுன்னு காஞ்சிபுரத்துக்கு இட்டுனு போய்ட்டாங்க. பொண்ணு வண்டியில ஏறவே மாட்டேன்னிச்சு. அப்பா வரட்டும், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்னு அழுதுச்சு. நீ எங்கய்யா போய்ட்டே?”

நான் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு கட்டிலுக்கு எட்டியே நின்றேன். “மாமா பக்கத்து ஊரு பெருநகருக்குப் போயிருந்தாரு, போன்ல சார்ஜ் இல்ல” என்று மாப்பிள்ளை யாரும் கேட்காமலே சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் உள்ளே இருந்தது தெரிந்தும், ஆள் இல்லை என்றதை மறுத்துப் பேசாமல் என் மரியாதைக்காக வாசலில் நின்றிருக்கிறார். அவர் மரியாதைக்காக நான் அடுப்படியில் ஒளிந்திருந்தேன். எங்கள் இருவர் மரியாதைக்கும் நடுவில் மகள் காத்திருந்தாள்.

பிறகு ஒருநாள், அன்றைக்கு என்ன சொல்ல நினைத்தாய் என்று அவளிடம் கேட்டேன். “மறந்துபோச்சுப்பா” என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குத் தலை வாரப் போய்விட்டாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை. அந்த ஒரு வார்த்தை இனி எனக்குக் கிடைக்காது என்பதை மட்டும் நான் ஒவ்வொரு ஐப்பசியிலும் புதிதாகத் தெரிந்துகொள்கிறேன்.