வேலையில் இருப்பவர்களுக்குக் கிழமை இல்லை

எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு கிழமை உண்டு. திங்கள் பள்ளி முடித்தவர்களுக்கு. செவ்வாய் வேலை தேடுகிறவர்களுக்கு. புதன் மாற்றுத்திறனாளிகளுக்கு. வியாழன், வேலையை விட்டுவிட்டு மறுபடி வர நினைக்கும் பெண்களுக்கு. வெள்ளிக்கிழமை மேலாளர் அறிக்கை எழுதுவார். ‘எல்லாத் தரப்பினரையும் சென்றடைந்தோம்’ என்று வருஷா வருஷம் அதே வரி. சென்றடைந்தார்களாம்! வாசல்படியைத் தாண்டி யார் எங்கே போனார்கள்? படிப்புக்கும் தொழிலுக்கும் வழி சொல்லும் அந்த மையத்தின் வாசலில் பன்னிரண்டு வருஷமாக டோக்கன் கொடுத்துக்கொண்டு நிற்பவன் நான். எனக்குத் தெரியாதா?

அண்ணியைப் பற்றிச் சொல்ல வந்தேன். அதற்குள் வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டது.

அண்ணி, என் அண்ணன் மனைவி, பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவள். அறுவை அறையின் பச்சைத் துணிகள் அவள் பொறுப்பு. ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தனியே எடுத்து வைத்துவிடுவாள். ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர், “இதெல்லாம் ஒரு ஓட்டையாம்மா?” என்று கேட்டதற்கு, “உங்க வயித்து மேல போட்டா ஒத்துக்குவீங்களா சார்?” என்று கேட்டவள். டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சலவைக்கூடத்துக்கே அன்று முழுக்க அதுதான் பேச்சு.

அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் ஒரு வருஷப் பயிற்சி அறிவித்தார்கள். முடித்தால் அதே மருத்துவமனையில் டெக்னீஷியன் வேலை. நீராவி இஸ்திரி முன்னால் நின்று கால் வீங்க வேண்டியதில்லை. வயது வரம்பு நாற்பது. அடுத்த மாதம் அண்ணிக்கு நாற்பது முடிகிறது. தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டு, “உன்ன விட்டா இதுக்கு வேற யாரு? இந்தச் சனிக்கிழமைதான் கடைசி நாள். வழிகாட்டி மையத்துல ஆலோசகர்கிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுத்துடு” என்றாராம்.

ஒரு கையெழுத்து. வேறொன்றும் இல்லை.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, வேர்த்து விறுவிறுத்து அண்ணி என் முன்னால் வந்து நின்றாள். டோக்கன் மெஷினில் நான்கு பட்டன்கள். எதை அழுத்துவது? வேலையில் இருக்கிற ஒருத்தி ஆலோசனை கேட்டு வருவாள் என்று அந்த மெஷினைச் செய்தவனுக்கு யாரும் சொல்லவில்லை.

குடும்பத்தில் நான்தான் ஆபீஸ் ஆள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்: “வேலையில இருக்கறவங்களுக்கு இங்க கிழமையே கிடையாது அண்ணி. வேலைய விட்டவங்கன்னா வியாழக்கிழமை வரலாம். ரூல்ஸ் அப்படி.”

“விட்டுட்டா கையெழுத்துப் போட்டுடுவாங்களா தம்பி?”

“வியாழக்கிழமை வந்தா உள்ள அனுப்பிடுவேன். நான் இருக்கேன்ல.”

நான் இருக்கேன்ல! என்ன வாய் அது!

வியாழன் காலை பத்து மணிக்கு முதல் டோக்கன் அவளுக்குத்தான். என்னிடம் ஒரு காகிதத்தைப் பெருமையாகக் காட்டினாள். வேலையிலிருந்து விடுவித்த கடிதம். தேதி, முந்தின நாள். நிஜமாகவே விட்டுவிட்டாளா என்று இரண்டு தரம் படித்தேன். இருந்தாலும், காரியம் முடிந்துவிடும் என்று அவளை உள்ளே அனுப்பினேன். பின்னாலேயே நானும் போனேன்.

ஆலோசகர் சின்ன வயதுப் பெண், நல்ல மாதிரி. அண்ணியிடம் முதல் பக்கம்தான் இருந்தது; தன் கோப்பில் இருந்த அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். முகம் மாறியது.

“அம்மா, இது தற்போது மருத்துவமனையில வேலை பாக்கறவங்களுக்கு மட்டும். நீங்க நேத்தே விட்டுட்டீங்களே?”

“விட்டாத்தான் இங்க வர முடியும்னு சொன்னாங்க.”

“யாரு சொன்னது? திங்கட்கிழமையே நீங்க கதவத் தட்டியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனே! இதுக்குக் கிழமை எதுக்கு?”

அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

அங்கிருந்து நேரே சலவைக்கூடத்துக்கு ஓடினோம். சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். “ராஜினாமா தலைமை ஆபீசுக்குப் போயாச்சு. இனிமே கான்ட்ராக்ட்லதான் எடுப்பாங்க. கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அந்தப் பயிற்சி கிடையாதும்மா.” அவள் மேஜையில் ஏற்கெனவே வேறொருத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் மடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “நேத்து வந்த அம்மாவை வியாழக்கிழமைக் கணக்குல சேத்தாச்சா? ஒரு ஆள் குறையுது.”

எனக்கு ஏறியதே ஒரு ஆத்திரம்! “சேத்துக்கங்க சார். பதினாலு வருஷ வேலைய நம்ம வாசல்ல தொலைச்சவங்கன்னும் பக்கத்துல எழுதிக்கங்க. சனிக்கிழமைதோறும், ஷிப்ட் முடியற நேரத்துல, ஒரே ஒரு மேஜைய அந்த மருத்துவமனை வாசல்ல போட்டிருந்தா என்ன சார் கொள்ளை போயிருக்கும்?” என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உணர்ச்சிவசப்படாதப்பா. நமக்கு அந்தத் தரப்பு ஒதுக்கலையே” என்றார். மனுஷனா அவர்!

வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. மேலாளரைத் திட்டினேன், மெஷினைத் திட்டினேன், இரண்டாம் பக்கத்தைச் சேர்த்துக் கொடுக்காத தலைமை நர்ஸையும் விடவில்லை. அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழாயை மூடினாள்.

“அந்தப் பொண்ணு எங்க உக்காந்திருக்கு தம்பி?”

“எந்தப் பொண்ணு?”

“ஆலோசகர்.”

“நான் நிக்கற கதவுக்கு உள்பக்கம்.”

“எத்தன அடி இருக்கும்?”

“பத்து அடி.”

“திங்கட்கிழமை நான் வந்து நின்னப்ப அந்தப் பொண்ணு உள்ள இருந்துச்சா?”

“இருந்தாங்க.”

“உள்ள போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

பன்னிரண்டு வருஷமாக யாருக்காகவும் நான் உள்ளே போய்க் கேட்டதில்லை.