ஜாவா பொட்டலத்துக்குள் மதினியின் விதி

எனக்குப் பொறுமை கம்மி. எழுதிய நிரல் ஓடாவிட்டால் கம்ப்யூட்டரைத் திட்டுவேன். ஓடிவிட்டால் தலைகால் புரியாது. ஓடைப்பட்டியில் அண்ணன் வீட்டில் அந்த இரண்டையும் ஒரே காலையில் செய்தேன்.

மதினியின் திராட்சைத் தோட்டத்துக்காக எழுதிய நிரல் அது. கொடியை வெட்டிக் கவாத்து பண்ணி எத்தனை நாள், மழை உண்டா, பனி உண்டா என்று கொடுத்தால், இன்றைக்கு மருந்து அடிக்கணுமா, பொறுக்கலாமா என்று சொல்லும். நிரல் ஜாவா, விதிகள் மட்டும் லிஸ்ப் மொழியில், தனிக் கோப்பில். ஒவ்வொரு விதியும் அடைப்புக்குறிகளுக்குள். மதினியே போன போகத்தில் ஒன்றை எழுதிச் சேர்த்திருந்தார். அண்ணன் லேப்டாப்பைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று அந்தக் கோப்பைக் குப்பையோடு அழித்துவிட்டார்.

"இனிமே எல்லாத்தையும் ஒரே பொட்டலமாக் கட்டிக் குடு ஆத்தா" என்றார் மதினி. கட்டினேன். அல்லிநகரத்தில் என் வீட்டில் அருமையாக ஓடியது. பென்டிரைவில் கொண்டுபோய் மதினியின் லேப்டாப்பில் போட்டால், 'விதிக் கோப்பு இல்லை' என்றது.

கொடியில் இளந்தளிர். மூன்று நாளாக மேகமூட்டம். இலையில் பூஞ்சை பிடிக்கிற செவட்டை நோய்க்கு இது போதும். மருந்து அடிக்கிறவர் பதினோரு மணிக்குள் பதில் கேட்டிருந்தார். இல்லாவிட்டால் அனுமந்தன்பட்டிக்குப் போய்விடுவார், திரும்பிவர மூன்று நாள்.

"ஒங்க வீட்ல ஓடுச்சுன்ட?"

"ஓடுச்சு மதினி."

"அப்ப வீட்டையும் தூக்கிட்டு வந்திருக்கணும்."

கோபம் வந்தது, கூடவே விஷயமும் உறைத்தது. என் கம்ப்யூட்டரில் விதிக் கோப்பு வெளியேயும் கிடந்தது. நிரல் பொட்டலத்துக்குள் பார்க்காமலே அதை எடுத்து ஓட்டியிருக்கிறது. உள்ளே இருப்பதை, டிஸ்க்கில் கிடக்கும் கோப்பைப் போலப் பாதை சொல்லித் திறக்க முடியாது. பொட்டலத்திடமே கேட்டு வாங்கி, வருகிற எழுத்தை லிஸ்ப்பிடம் வாசிக்கக் கொடுக்கணும். கோப்பை வெளியே எடுத்துப் போட்டாலும் அப்போதைக்கு ஓடும்தான். ஆனால் அண்ணன் இருக்கிற வீடு அது.

நல்லவேளை, நிரலின் மூல வரிகளும் கட்டுகிற கருவியும் பென்டிரைவில் இருந்தன. நாலு வரி மாற்றினேன். திரும்பக் கட்டி ஓட்டினேன். ஓடியது! நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேவிட்டேன். திரையில் 'பொறு' என்று வந்திருந்தது.

மதினி சிரிக்கவில்லை. "என் விதி எங்க?"

நான் கட்டியது என் வீட்டுக் கோப்பை. அதில் மதினியின் விதி இல்லவே இல்லை. அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, வடக்கு வரிசையில் ஒன்பது மணிக்கும் பனி காயாவிட்டால் மருந்து அடி என்று திரும்ப எழுதினார். மூடுகிற அடைப்புக்குறிகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டார். ஜாவாவைத் தொட வேண்டிய வேலையே இல்லை. பொட்டலத்துக்குள் அந்த ஒரு கோப்பை மட்டும் மாற்றினேன். அன்றைக்கு ஒன்பதுக்கும் பனி காயவில்லை என்று கொடுத்ததும் 'அடி' என்றது. மதினி போனை எடுத்தார்.

ஆள் வருவதற்குள் வடக்கு வரிசைக்குப் போனோம். மதினி ஒரு தளிரைப் பிடித்துக் காட்டினார். எண்ணெய் தொட்டு வைத்தது போல ஒரே ஒரு செவட்டைப் பொட்டு, அப்போதுதான் விழுந்திருந்தது. நான் குதித்துக் கொண்டாடிய நிரல் பொறுக்கச் சொன்னது இதைப் பார்க்காமல்தான். மருந்து வண்டிச் சத்தம் கேட்டதும் நானே ரோட்டுக்கு ஓடி வழி காட்டினேன்.