ஏற்றத்தில் இருபத்தெட்டு

பூதப்பாண்டி தாண்டி ஓர் ஏற்றம். ஹைபிரிட் காரை பேட்டரியிலேயே ஊர விடுகிறேன். லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் வராவிட்டால் இனி மனைவிதான் ஓட்டுவாள் என்று, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளோடு பந்தயம். டாஷ்போர்டுத் திரையோ இருபத்தேழில் அடம்பிடிக்கிறது.

வயலிலிருந்து ஒருவர் மண்வெட்டியோடு ஓடிவருகிறார்.

"சாரே, எஞ்சின் நின்னுட்டா? சத்தமே இல்ல."

"ஓடுது அண்ணாச்சி. மைலேஜுக்காக மெதுவா போறேன்."

"ஆக்சிலேட்டர நல்லா சவுட்டினா ஏறாதா?"

"பறக்கும். ஆனா பெட்ரோல் குடிக்கும்."

"அப்ப சவுட்டாண்டாம்" என்றவர், மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பின்னால் போய்த் தள்ளுகிறார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், திரையில் இருபத்தெட்டு. மூடிக்கொள்கிறேன்.

உச்சியில் மூச்சிரைக்க வந்து, எங்கள் தண்ணீர் பாட்டிலை ஒரே மடக்கில் காலிசெய்கிறார். "வண்டிக்கு மைலேஜ் உண்டும் சாரே. எனக்குத்தான் கொறவு."

மனைவி கதவைத் திறந்து இறங்குகிறாள். "இருபத்தெட்டு அவரோடது. நீங்க இந்தப் பக்கம் வாங்க."