தலைச்சன் பிள்ளைக்கு இல்லாத பரீட்சை

எங்கள் ஊரில் தலைச்சன் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அந்நியர்கள். இதை நான் சொல்லவில்லை, சர்க்கார் சொன்னது.

மடுகரையில் எங்கள் கரும்புக்கொல்லையின் கடைசிப் பாத்தியோடு பிரெஞ்சுக்காரன் சீமை முடிந்துவிடும். அப்புறம் ஒரு வாய்க்கால். அதன் அந்தக் கரையில் இங்கிலீஷ்காரன் சீமை. மாடு தண்ணீர் குடிக்கத் தலையை நீட்டினால் கால் ஒரு ராஜ்யத்தில் இருக்கும், வாய் இன்னொரு ராஜ்யத்தில் இருக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த வாய்க்காலைத் தாண்டித்தான். என் அம்மாவும் அந்தக் கரைக்காரிதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கம் யாரும் மீறாத வழக்கம். அப்படித்தான் என் அண்ணன் அந்தக் கரையில் பிறந்தான். இரண்டாவதற்கு யாரும் வந்து அழைத்துப் போகமாட்டார்கள். ஆகவே நான் இந்தக் கரையில், எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பிறந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தரம் வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரத்து நடைதான்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். படிப்பு அவனுக்குத் தானாக வந்தது. எனக்கு வரவே இல்லை. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படவேண்டிய காரியங்கள் வேறு இருக்கின்றன. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார், ஒரே அறை. பிரெஞ்சு தேசத்து ஆறுகளின் பெயரை அண்ணன் நெல் தூற்றிக்கொண்டே ஒப்பிப்பான். வாத்தியார் கணக்கை முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் பலகையில் விடை எழுதிக் கவிழ்த்துவிடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பலகையை எட்டிப்பார்ப்பேன். எட்டிப்பார்ப்பதற்கு வசதியாக அவனே கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பான்.

எனக்குப் பதினொரு வயது நடந்தபோது வாத்தியார் ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். ஆரம்பப் படிப்பை முடித்தவர்களுக்கு வைக்கும் செர்த்திபிக்கா பரீட்சை அதுவரை புதுச்சேரிப் பட்டணத்தில்தான் நடக்கும். போக, வர, தங்க எல்லாம் அவரவர் கைக்காசு. அதனால் எங்கள் பக்கத்திலிருந்து யாரும் போனதில்லை. அந்த வருஷம் சர்க்கார் பணம் ஒதுக்கிப் பாகூரிலேயே பரீட்சை வைக்கப்போவதாக உத்தரவு வந்திருந்தது. தாள், மை, பரீட்சை அதிகாரிகள் வந்து போகும் மோட்டார், பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு எல்லாமே சர்க்கார் செலவு. பிரெஞ்சு தேசத்துப் பிள்ளைக்கு என்ன பாடத்திட்டமோ, அதே திட்டம், அதே அளவு. தேறுகிறவர்களில் முதலாவதாக வரும் பிள்ளைக்குப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்க உபகாரச் சம்பளம். வாத்தியார் அன்றைக்குப் பாடமே நடத்தவில்லை. அண்ணனைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பரீட்சைக்கான விண்ணப்பப் பாரம் வந்தது. சர்க்கார் பணத்தில் நடக்கும் பரீட்சை சர்க்காரின் பிரஜைகளுக்கு மட்டும் என்று அதில் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் மேரியிலிருந்து, அதாவது கொம்யூன் என்கிற எங்கள் வட்டாரத்து ஆபீசிலிருந்து, பிறப்புப் பத்திரம் வாங்கி இணைக்கவேண்டும். எங்கள் மேல்வகுப்பில் ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஐந்து பேர் தலைச்சன். ஐந்து பேரும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தாய்மாமன் வீட்டில் பிறந்தவர்கள். அந்த ஊர் முனிசீப் புத்தகத்தில் பெயர் இருந்ததோ இல்லையோ, எங்கள் மேரியில் ஒருவன் பெயரும் இல்லை. ஏழு பேரைப் படிக்கவைத்து இரண்டு பேரை மட்டும் அனுப்பவேண்டிய நிலைமை. அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். வாத்தியார் அந்தப் பாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றார்.

பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவும் அவரும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று பேசினார்கள். நாங்கள் இருவரும் வைக்கோல் பிடுங்குகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தோம். யோசனை யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முடிவை அப்பாதான் சொன்னார்.

"சின்னவன் பேருல பெரியவன் போய் எழுதட்டும். வூட்டுக்கு ஒரு பத்திரம் இருந்தா போதாதா?"

எங்களைப் போன்ற ஜனங்கள்தான் இப்படி நினைக்கமுடியும். ஒரு வீட்டுக்கு ஒரு ஏர், ஒரு கிணறு, ஒரு கலியாணப் பட்டுவேட்டி. அண்ணன் கட்டியதைத் தம்பி கட்டுவான், தம்பி கட்டியதைச் சித்தப்பன் கட்டுவான். பெயரும் அப்படித்தான் என்று அப்பா நினைத்தார். அதில் பொய் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. வாத்தியாருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் தான் படிக்கவைத்த ஒரு பிள்ளையாவது பிரெஞ்சு தேசத்து அளவுக்கு நிற்கிறான் என்று காட்டிவிடவேண்டும் என்ற வெறி அவருக்கு. அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. அவன் மறுநாளிலிருந்து என் பெயரைப் பிரெஞ்சில் எழுதிப் பழக ஆரம்பித்தான்.

பரீட்சையன்று வண்டி கட்டிக்கொண்டு பாகூருக்குப் போனோம். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று தெரியவில்லை; வீட்டில் விட்டால் யாரிடமாவது உளறிவிடுவேன் என்ற பயமாக இருக்கலாம். ஏரிக்கரைக்குக் கீழே பள்ளிக்கூடம். வண்டியை ஜன்னலுக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் அவிழ்த்தோம். உள்ளே பட்டணத்து அதிகாரி பெயர் கூப்பிட ஆரம்பித்தார். என் பெயர் வந்தது. பள்ளிக்கூடத்துப் பழக்கம், நான் வண்டியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். உள்ளே அண்ணன் எழுந்து நின்று, தெளிவான குரலில், இருக்கிறேன் என்று பிரெஞ்சில் சொன்னான்.

அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமான குரல் அவனிடமிருந்து அப்புறம் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

மத்தியானம் சோற்றுக்கு வெளியே விட்டார்கள். அண்ணன் எங்கள் பக்கம் திரும்பாமல் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அப்படித்தான் சொல்லியிருந்தது. திரும்பி வரும்போது எப்படி எழுதினாய் என்று அப்பா கேட்டார். தாள் வழவழவென்று இருந்தது, மை ஊறவே இல்லை என்று அவன் சொன்னான். அதைத்தான் ஊர் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான்.

கொம்யூனிலேயே முதலாவதாக என் பெயர் வந்தது.

அதுவரைக்கும் நடந்ததை யார்மேலாவது போட்டுவிடலாம். சர்க்கார்மேல், வாத்தியார்மேல், அப்பாமேல். அதற்குப்பின் நடந்தது என் காரியம். பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கும் அண்ணனே என் பெயரில் போய்ச் சேரட்டும் என்றுதான் பேச்சு இருந்தது. ஊரெல்லாம் வந்து என் கன்னத்தைக் கிள்ளிப் போனது. முதலில் கூச்சமாக இருந்தது, நாலு நாளில் பழகிவிட்டது. அண்ணனுக்குத் தைக்கக் கொடுத்த புதுச் சட்டையைப் பார்த்த அன்று நான் தரையில் புரண்டு அழுதேன். என் பெயர், என் செர்த்திபிக்கா, நான்தான் போவேன் என்று கத்தினேன். பக்கத்து வீடுகளுக்குக் கேட்டுவிடும் என்று அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா யோசித்தார். பெரியவன் கொல்லையில் ஓர் ஆள் வேலை செய்வான், சின்னவன் எதற்கும் உதவமாட்டான், உதவாதவனை அனுப்பினால் நஷ்டமில்லை. அது அவர் கணக்கு. அண்ணன் சட்டையைக் கழற்றி மடித்து என் பக்கத்தில் வைத்தான்.

"அவன் பேருதானே. அவனே போவட்டும்."

பட்டணத்தில் என்னை முதலில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பரீட்சைப் பட்டியலில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்பார்ப்பார்கள் என்று வாத்தியார் முன்பே எச்சரித்திருந்தார். புறப்படுவதற்கு முன் ஒரு வாரம் அண்ணன் என் கையைப் பிடித்துப் பிடித்து என் பெயரை எழுதப் பழக்கினான். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டைப் பின்னால் இழுத்து அடியில் சுழிப்பான். அது அவனாகக் கண்டுபிடித்தது. இன்றைக்கும் நான் போடுவது அந்தக் கையெழுத்துதான்.

படிப்பில் நான் தேறவில்லை. முதலாவதாக வந்த பையன் இப்படி மக்காக இருக்கிறானே என்று ஆசிரியர்கள் வியந்தார்கள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் நோட்டுகளை அண்ணன் வாங்கிப் படிப்பான். கரும்புச் சோகை கிழித்த கையோடு, என் வீட்டுப்பாடத்தை அவனே போட்டுத் தருவான். விளங்காததைக் கேட்டால் நான் பதில் சொல்லத் தெரியாமல் எரிந்துவிழுவேன். இரண்டு வருஷத்துக்கு மேல் அவன் கேட்கவில்லை. எப்படியோ தட்டுத்தடுமாறிக் கீழ்ப் பரீட்சை ஒன்றில் நூலிழையில் தப்பித்து, எங்கள் கொம்யூன் மேரியிலேயே எழுத்தர் வேலைக்கு வந்து சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த வேலை பிறப்புப் பதிவு. கடவுளுக்கு என்மேல் இருந்த கோபம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்துகொண்டேன். எங்கள் சர்க்கார் பிரஜையின் பிள்ளை அந்நிய சீமையில் பிறந்தால், தகப்பன் சாட்சிகளோடு நீதிபதிமுன் போய்ச் சொன்னால் போதும். தீர்ப்பு எழுதி வாங்கி நம் புத்தகத்தில் பதிந்துகொள்ளலாம். அண்ணனுக்கும் அப்படிச் செய்திருக்கலாம். ஐந்து தலைச்சன்களுக்கும் செய்திருக்கலாம். பாரம் அனுப்பிய சர்க்கார் அதைப் பாரத்தில் எழுதவில்லை. எங்கள் வாத்தியாருக்கும் அது தெரியாது.

எனக்குத் தெரிந்தபின் நான் அண்ணனிடம் சொன்னேனா? சொல்லவில்லை. நீதிபதி அவனைக் கூப்பிட்டால் எங்கே படித்தாய், பரீட்சை எழுதினாயா என்று கேட்பார். கூடப் படித்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். இழுத்த நூல் என் நாற்காலியில் வந்து முடியும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு வருஷம் போனது.

அண்ணனுக்குக் கலியாணமாகி அண்ணி முழுகாமல் இருந்தாள். அவளும் அந்தக் கரைக்காரிதான். பிரசவம் இங்கேதான் நடக்கவேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக நின்றான். அவன் எதற்கும் பிடிவாதம் பிடித்து நான் பார்த்ததில்லை. எந்தப் பெண் தலைப்பிரசவத்தைப் புருஷன் வீட்டில் வைத்துக்கொள்வாள், பெற்றவள் செத்தா போய்விட்டாள் என்று அவன் மாமியார் ஊரைக் கூட்டினாள். எங்கள் அம்மாவும் அவள் பக்கம் பேசினாள். வளைகாப்புப் போட்ட கையோடு அழைத்துப் போய்விட்டார்கள். நாள் நெருங்கும்போது கூட்டிவந்துவிடலாம் என்று அவன் இருந்தான். நாளுக்கு முன்பே வலி கண்டுவிட்டது. ஆண் குழந்தை.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் மேரிக்கு வந்தான். துவைத்த வேட்டி, தோளில் துண்டு. ஜனங்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்தபின்தான் என் மேசைக்கு முன் வந்தான். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குழந்தை மடுகரையில், நம் வீட்டில் பிறந்ததாகப் பதிந்துகொள் என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் பக்கத்து மேசைக்காரர் தலைநிமிர்ந்ததாக எனக்குத் தோன்றியது. தோன்றியது அவ்வளவுதான், அவர் நிமிர்ந்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பொய்ப்பதிவு தெரிந்தால் வேலை போகும். விசாரணை வந்தால் பழையதும் வரும். நீதிபதி வழியைச் சொன்னாலும் முதலில் தகப்பனின் பத்திரத்தைக் கேட்பார்கள், அதே பழையதுதான் வரும். இவ்வளவும் என் மனதில் ஒரு நொடியில் ஓடியது. படிப்பில் ஒருநாளும் அப்படி ஓடாத புத்தி.

அந்நிய சீமையில் பிறந்த பிள்ளையை இங்கே பதியச் சட்டத்தில் வழியில்லை என்றேன். அண்ணனிடம் பேசுகிறவன்போல அல்ல, வரிசையில் நிற்கிற யாரோ ஒருவரிடம் பேசுகிறவன்போலச் சொன்னேன்.

அவன் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தான்.

"இவனாவது தன் பேருல பரீட்சை எழுதட்டும்னு பாத்தேன்டா," என்றான்.

கோபமில்லாமல்தான் சொன்னான். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு விலகிப் போனான். அதற்குப்பின் முப்பது வருஷம் ஒரே ஊரில் இருந்தோம். அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவன் மகன் எங்கள் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு வரைக்கும் படித்தான். பரீட்சைக்குப் பெயர் எழுதுகிற வருஷம் ஏர் பிடிக்கப் போனான். அவனுக்கும் படிப்பு தானாக வந்தது என்று கேள்விப்பட்டேன்.

பின்னால் நின்றவருக்கு அன்று பெண் குழந்தை. இரண்டாவது பிரசவம், சொந்த வீட்டில். ஊர், நாள், தகப்பன் பெயர் எல்லாம் கேட்டு எழுதினேன். அடியில் கையெழுத்துப் போட்டேன். கடைசி எழுத்திலிருந்து கோடு பின்னால் போய்ச் சுழித்தது.