முப்பத்தெட்டு வீட்டுக்கு ஒரே விலாசம்

மலேசியாவில் கோலா சாவா பக்கம் இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் வீடுகளுக்கு எண் உண்டு. ஆனால் அந்த எண்ணை யாரும் கடிதத்தில் எழுதுவதில்லை. எல்லாக் கடிதமும் எஸ்டேட் ஆபீசுக்கு வரும். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி, ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். யார் விலாசம் கேட்டாலும் ஆபீஸ் விலாசத்தைச் சொல்லியே எங்களுக்குப் பழக்கம்.

வீட்டுக்கு வீடு இன்டர்நெட் இழுக்கப் போகிறார்கள், மனு கொடுங்கள் என்று அறிவிப்பு வந்தபோது, மனுப் பாரங்களைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக அலைந்தவள் நான்தான். பொதுச்சேவை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. அவரைத் தனியாக விட்டு வேலைக்குப் போக முடியாது. சிரம்பானில் நான் வேலை பார்த்த துணிக்கடையின் முதலாளியம்மா நல்லவர். "வீட்ல இன்டர்நெட் வந்துட்டா அங்கயே உக்காந்து ஆர்டர் எடும்மா. அதுவரைக்கும் ஒன் எடத்துக்கு ஆள் போடல" என்றார். என் கைபேசியிலோ சிக்னல் ஒரு கோடுதான்; மழை வந்தால் அதுவும் போய்விடும்.

முப்பத்தெட்டு வீட்டுப் பாரங்களையும் நானே எழுதினேன். விலாசத்துக்கு என்ன போடுவது என்று கிராணியைத்தான் கேட்டேன். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்.

"எப்பவும் எழுதுற மாதிரி ஆபீஸ் அட்ரெஸே போடு தங்கச்சி. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். யோசிக்காமல் எழுதினேன். என் மடத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மாதம் கழித்து லோரி வந்தது. கம்பம் நட்டுக் கேபிள் இழுத்தார்கள். ஆபீஸ் சுவரில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டு, ஏணியைத் திரும்ப லோரியில் ஏற்றினார்கள். லயத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கேட்டேன்.

"எல்லாத்திலயும் ஒரே அட்ரெஸ்தானேக்கா இருக்கு" என்றார் வந்தவர்களில் ஒரு தமிழர். "வீட்டு நம்பர் அனுப்புங்கன்னு ரெண்டு தடவ போன் பண்ணோம் லா. ஒங்க கிராணிதான் ஆபீஸுக்கு மட்டும் போதும்னுட்டாரு."

நேராக ஆபீசுக்குள் போனேன்.

"முப்பத்தெட்டு வீட்டு நம்பரையும் மறுபடி எழுதி, மேனேஜர்கிட்ட சைன் வாங்கி, யாரு அலையறது?" என்றார் கிராணி. "கோவிச்சுக்காத தங்கச்சி. பாஸ்வர்ட் தர்றேன், நீயும் வந்து வாசல்ல உக்காந்து பாரு லா."

ஆபீசை ஒட்டியே அவர் வீடு. அங்கே தொலைக்காட்சியில் அன்றைக்கே தடையில்லாமல் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரரத் தூக்கிட்டு வந்து ஒங்க வாசல்ல படுக்க வைக்கட்டுமாண்ணே?" என்றேன். அவர் மேசையில் கிடந்த பேரேட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

கடையில் வேறு ஆள் போட்டாயிற்று. முதலாளியம்மாவைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலமானால் ஆபீஸ் வாசலில் கைபேசியும் கையுமாக ஒரே கூட்டம். கிராணி புண்ணியத்தில் இதாவது கிடைத்ததே என்கிறார்கள். நடந்தது தெரிந்தும் அப்படிச் சொல்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல் கிராணிதான் பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். உங்கள் விலாசத்துக்கு இணைப்பு கொடுத்தாகிவிட்டது, உங்கள் மனு இத்துடன் முடிக்கப்பட்டது என்று மலாயில் எழுதியிருந்தது. அங்கேயே நின்று அதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவரை அண்ணே என்று கூப்பிடவில்லை.