வெள்ளை எழுத்தில் எழுதியவை

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். வரன் பார்த்துக் கொடுக்கும் நான் அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தவள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அதுதான் என் திருமணத் தகவல் மையம். மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. ஒரு ஜாதகத்தைத் திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம்.

புதியதை வாங்கிவிட்டேன். பழசில் இருப்பதை அதற்கு மாற்றத்தான் தெரியவில்லை. என்னிடம் வரனுக்காகப் பதிந்திருந்த ஒரு பெண் தானாக முன்வந்தாள். முப்பத்து மூன்று வயது. கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு இடது காலை லேசாகச் சாய்த்து நடப்பாள். அவளுடைய அம்மா குஜிலியம்பாறைப் பக்கம். வரும்போதெல்லாம் ஒரு பை மொச்சையோ தட்டைப்பயறோ கொண்டுவந்து வைத்துவிட்டு, "எம்பிள்ளைக்கு நல்ல எடமாப் பாருங்க தாயி" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். "நீங்க சும்மா இருங்கக்கா, நான் பாத்துக்கிறேன்." படங்கள், ஜாதகங்கள், பிரிண்டர் என்று ஒவ்வொன்றாகப் புதியதில் ஏற்றினாள். சும்மா இருக்கிற பிறவியா நான்? அதை அங்கே வை, இதை ஏன் மாற்றுகிறாய் என்று பின்னால் நின்று உயிரை வாங்கினேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

என் பட்டியலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் கடைசியில் ஒரு கட்டம் வைத்திருந்தேன். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் அதில் எழுதுவேன். எதிரே உட்காருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிடக் கூடாதே என்று, வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தாக அடித்துவைப்பேன். கட்டத்தின் மேல் மவுஸை வைத்து அழுத்தினால்தான் மேலே உள்ள பட்டையில் தெரியும். இந்தத் தந்திரத்தை நானே கண்டுபிடித்ததில் எனக்கு அப்படி ஒரு கர்வம். அந்தத் தைரியத்தில்தான் அவளிடம் கம்ப்யூட்டரை ஒப்படைத்தேன்.

"இந்தப் பாழாப்போன வெளிச்சம் கண்ணைக் கூசுது பாப்பா" என்றேன். எனக்காகத்தான் திரை முழுவதையும் கறுப்பாக மாற்றினாள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பட்டியலைத் திறந்தாள். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த நான் திரும்பினால், கறுப்புத் திரையில் என் எழுத்துகள் பளிச்சென்று நிற்கின்றன. 'மாமியார் ராங்கி.' 'பையன் குடிப்பான், சொல்லக் கூடாது.' அவள் தன் பெயருக்கு வந்திருந்தாள். 'கால் சாய்ச்சு நடக்கும். மூணு பேர் பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. அம்மாக்காரி அவசரப்படுது. ரெண்டாந்தாரமாக் கேட்டாலும் குடுத்துரும்.'

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டுத் தப்பித்திருப்பேன். அதில் நான் கெட்டிக்காரி. அவள் போடவில்லை.

"அக்கா, ரெண்டாந்தாரம்னு எங்கம்மாவா சொன்னாங்க?"

அந்த அம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. ஒரு தடவை, மனைவியை இழந்த ஒருவரைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, "எம்பிள்ளைக்கு என்ன கொறைச்சல்?" என்று கேட்டுவிட்டு விருட்டென்று எழுந்து போனவர். என்னிடமே கோபிப்பதா என்ற எரிச்சலில் அன்றைக்கு நான் எழுதிய வரி அது. நான்தான் எழுதினேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"ஆமா பாப்பா. பெத்தவ கவலை, என்ன செய்ய" என்றேன்.

நா கூசாமல் சொன்னேன். அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரிக்கா. பழையபடி வெள்ளையாவே வச்சிர்றேன். இல்லேன்னா வர்றவங்க கண்ணுல பட்டுரும்."

மாற்றினாள். மீதி வேலையையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். டீயைத் தொடவில்லை. அவள் படியிறங்கியதும் அந்தக் கட்டங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். அழித்து என்ன ஆகப்போகிறது?

பத்து நாள் கழித்து அவளுடைய அம்மா வந்தார். உட்கார்ந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை எங்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குது தாயி. நான் என்ன தப்புப் பண்ணேன்னே தெரியல. கேட்டா ஒண்ணுமில்லங்குது. ஒங்க மேல அம்புட்டு மரியாதை வச்சிருக்கு. நீங்க செத்த நேரம் பேசிப் பாருங்களேன்."

பேசுகிறேன் என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் இன்றுவரை பேசவில்லை.